டீசல் காருக்கு ‘மைலேஜ் மீட்டர்’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மதுரையில் கார் அக்சஸரீஸ் கடைகளில் இப்போது ‘மைலேஜ் மீட்டர்’ என்று ஒரு பொருள் விற்கிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரோடு ஸ்கேனரை இணைப்பதற்காக இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகிவிட்டால், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று டேஷ்போர்டு மேல் ஒரு சின்னத் திரையில் காட்டும். பெட்ரோல் காரில் ஓரளவு ஒழுங்காகவே வேலை செய்யும். ஆனால் அதையே டீசல் காருக்கும் தலையில் கட்டுகிறார்கள். கட்டிய பிறகு அந்தத் திரையில் வரும் தப்பான எண்ணைக் காட்டியே அடுத்த வேலைக்கும் இழுக்கிறார்கள். எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

என்னுடையது 2014 மாடல் டீசல் கார். தொழில் விஷயமாக மதுரைக்கும் தேனிக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கும் வண்டி. எந்த வேகத்தில், எந்த கியரில் போனால் டீசல் மிச்சமாகும் என்று பார்த்து ஓட்டலாமே என்றுதான் மீட்டர் தேடினேன். பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் நான் கேட்ட முதல் கேள்வியே, “டீசல் வண்டிக்குச் சரியாக வருமா?” என்பதுதான். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. “சார், பெட்ரோல், டீசல் எல்லாத்துக்கும் ஒரே சாக்கெட்தான். சொருகுனா அதுவே வண்டியைக் கண்டுபிடிச்சுக்கும்” என்றார். வாசலில் நின்ற ஒரு பெட்ரோல் காரில் போட்டும் காட்டினார். திரையில் 40 என்று வந்தது. “பாத்தீங்களா, நாப்பது குடுக்குது” என்றார். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் எம்பிஜி என்று இருந்தது. அது அமெரிக்க கேலனுக்கு எத்தனை மைல் என்கிற கணக்கு. நம் கணக்கில் லிட்டருக்கு 17 கிலோமீட்டர்தான். திரையை நம் கணக்குக்கு மாற்றித் தரச் சொன்னேன், மாற்றித் தந்தார். 3,200 ரூபாய் ஜிபேயில் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது.

வண்டியில் மாட்டிய நாளிலிருந்தே கணக்கு இடித்தது. ஒரே பங்கில், நாசில் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரை வைத்துக் கணக்குப் போட்டால் என் வண்டி லிட்டருக்கு 20 கிலோமீட்டர் பக்கம் கொடுக்கும். பல வருடமாக அதுதான் கணக்கு. மீட்டரோ 9, 10 என்று காட்டியது. கோரிப்பாளையம் சிக்னலில் ஏசி போடாமல் நிற்கும்போதுகூட மணிக்கு இரண்டு லிட்டருக்கு மேல் எரிகிறது என்றது. இந்த அளவு இன்ஜின் சும்மா நிற்கும்போது மணிக்கு ஒரு லிட்டர்கூடக் குடிக்காது.

திரும்ப அதே கடைக்குப் போனேன். மீட்டர் தப்பு என்று அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. “மீட்டரு பொய் சொல்லாது சார். உங்க இன்ஜெக்டர் போச்சு, அதான் டீசலைக் குடிக்குது. நம்ம பையனே கிளீன் பண்ணிக் குடுப்பான், ஆறாயிரம் ஆகும். கூட இந்தச் சிப்பையும் போட்டுக்கங்க, மைலேஜ் ஏறிடும்” என்று இன்னொரு பெட்டியை எடுத்து நீட்டினார். இன்ஜெக்டர் என்பது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம். தப்பான எண்ணைக் காட்டி ஒரு மனிதனைப் பயமுறுத்தி, நன்றாக இருக்கும் இன்ஜெக்டரைக் கழற்ற வைக்கும் வேலை இது. எனக்கு ஆத்திரம் வந்தது அந்த இடத்தில்தான்.

நேராக ஒத்தக்கடையில் எனக்குத் தெரிந்த டீசல் மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்கேனர் போட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் போகிறது என்று பார்த்தார். எல்லாம் அளவோடு இருந்தது. “அண்ணே, இன்ஜெக்டர்ல ஒரு குறையும் இல்ல. இந்த மீட்டரு காத்தைப் பாத்துக் கணக்குப் போடுது. டீசல் வண்டியில காத்து எங்கண்ணே அளவா வருது?” என்றார்.

அவர் சொன்னதுதான் மொத்த விஷயமும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாக்கெட் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னது உண்மை. 16 பின் உள்ள ஒரே மாதிரி சாக்கெட். வண்டி தன் கோளாறைத் தானே கண்டறியும் ஓபிடி 2 முறை, நம் நாட்டில் பிஎஸ் 4 என்ற புகை மாசு விதியின் கீழ் வந்த கார்களுக்கு 2013 ஏப்ரலிலிருந்து கட்டாயமானது. ஆனால் ‘இவ்வளவு டீசல் எரிந்தது’ என்ற எண்ணை எல்லா வண்டியும் அந்தச் சாக்கெட்டில் தருவதில்லை. அப்படித் தராத வண்டியில், இன்ஜினுக்குள் போகும் காற்றின் எடையை வைத்து மீட்டர் எரிபொருளைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. பெட்ரோல் இன்ஜினில் இது பொருந்தும். அங்கே 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் என்ற விகிதத்தை வண்டியின் கம்ப்யூட்டரே பெரும்பாலும் காப்பாற்றும். காற்று தெரிந்தால் பெட்ரோலும் தெரிந்துவிடும்.

டீசல் இன்ஜினில் அந்த விகிதமே கிடையாது. காற்று எப்போதும் தாராளமாக உள்ளே போகும். ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்கு ஏற்ப டீசல் மட்டும் கூடும், குறையும். சும்மா நிற்கும்போது ஒரு கிராம் டீசலுக்கு 50 கிராமுக்கு மேல்கூடக் காற்று போகலாம். அந்தக் காற்றை 14.7ஆல் வகுத்தால் இல்லாத டீசலெல்லாம் எரிந்ததாகக் கணக்கு வரும். சிக்னலில் இரண்டு லிட்டர் காட்டியதற்குக் காரணம் இதுதான்.

மெக்கானிக் சொன்ன ஒரு சோதனையை ஆண்டிபட்டி கணவாயில் செய்து பார்த்தேன். வண்டி கியரில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டு இறக்கத்தில் விட்டால், இப்போதைய இன்ஜின்கள் எரிபொருளை அறவே நிறுத்திவிடும். நியாயமான மீட்டர் அந்த நேரத்தில் பூஜ்யம் லிட்டர் என்று காட்ட வேண்டும். என்னுடையது இறக்கம் முழுவதும் டீசல் எரிவதாகவே காட்டியது. மீட்டர் வைத்திருப்பவர்கள், எந்த வண்டியாக இருந்தாலும், இதை ஒரு தடவை செய்து பாருங்கள். நியூட்ரலில் போட்டு இறங்காதீர்கள். அது ஆபத்து, டீசலும் எரியும்.

அப்புறம் அந்த ‘சிப்’. அதே மாதிரி ஒன்றை வேறொரு வாடிக்கையாளர் வாங்கி ஏமாந்து மெக்கானிக்கிடம் போட்டுவிட்டுப் போயிருந்தார். மெக்கானிக் அதைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு சின்ன ஐசி, மூன்று எல்இடி, ஒரு பொத்தான். வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச 6, 14 ஆகிய பின்களிலிருந்து, அந்தப் பேச்சுக்கென்றே உள்ள கேன் சிப் ஒன்றுக்கு இணைப்பு இருக்க வேண்டும். அந்தக் கேன் சிப்பே உள்ளே கிடையாது. விளக்கு மட்டும் மினுங்கும். வெளிநாட்டிலும் இந்த வகைப் பொருட்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் இதையேதான் கண்டார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எரிபொருள் மிச்சப்படுத்துவதாகச் சொன்ன கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சோதித்துவிட்டு, மிகச் சிலவற்றில்தான் கொஞ்சமாவது பலன் இருந்தது என்று சொல்லியிருக்கிறது. செருகினால் மைலேஜ் ஏறும் என்று யார் சொன்னாலும் அந்தக் கடையில் வேறு எதையும் வாங்காதீர்கள்.

இன்னொரு தொந்தரவும் உண்டு. ஓபிடி சாக்கெட்டில் 16ஆம் பின்னுக்குப் பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் வரும், சாவியை எடுத்தாலும் நிற்காது. தானாக அணையாத மலிவு மீட்டரைச் செருகியே விட்டு வண்டியைச் சில நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடும். என் வண்டியில் இதுவும் நடந்தது.

இனி வாங்குகிறவர்கள் கடையில் மூன்று விஷயம் கேட்டால் போதும். உங்கள் சொந்த வண்டியிலேயே போட்டு, ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பெட்ரோலா டீசலா, இன்ஜின் எத்தனை சிசி என்று மீட்டரில் பதிய வழி இருக்கிறதா என்று பாருங்கள். டேங்க் நிரப்பிய லிட்டரைக் கொடுத்து மீட்டரின் கணக்கைத் திருத்த முடியுமா என்றும் கேளுங்கள். ஸ்கேன்கேஜ் மாதிரியான அமெரிக்கக் கருவிகளில் இவை உண்டு, டீசலுக்குத் தனி அமைப்பே இருக்கிறது. மாருதி மாதிரியான சின்னப் பெட்ரோல் கார்கள் பலவற்றில் காற்றை நேராக அளக்கும் சென்சார் கிடையாது. அங்கேயும் மீட்டர் காற்றழுத்தத்தையும் இன்ஜின் வேகத்தையும் வைத்து யூகித்துத்தான் சொல்லும். அதனால் இந்தத் திருத்தும் வசதி அந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கும் வேண்டும்.

கடையில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பலகை தொங்கியது. அதைக் கண்டு யாரும் அடங்கிப்போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் தமிழிலேயே பேசிப் புகார் கொடுக்கலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ரசீது, மீட்டரையும் டிரிப் மீட்டரையும் ஒரே படத்தில் எடுத்த போட்டோக்கள், மெக்கானிக் எழுதிக் கொடுத்த ஸ்கேன் அறிக்கை, எல்லாவற்றையும் சேர்த்து 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் திரும்ப வந்தாலும் வராவிட்டாலும் இங்கேயே எழுதுகிறேன். இதே மீட்டரைக் காட்டி உங்களிடமும் யாராவது இன்ஜெக்டர் போச்சு என்று சொல்லியிருந்தால், கழற்ற விடுவதற்கு முன்னால் வேறொரு டீசல் மெக்கானிக்கிடம் ஸ்கேன் போட்டுப் பார்த்துவிடுங்கள்.