ஜிபிஎக்ஸ் ஃபைல்ல டைம் இல்லையா: ஜிபிஎஸ்பேபலா, ஜிபிஎக்ஸ்பையா?

ஜிபிஎக்ஸ்ங்கறது போன பாதையைப் புள்ளி புள்ளியா வச்சிருக்கிற ஃபைல். அதுல டைம் இல்லைன்னா, முதல்ல ஃபைலை ஒரு டெக்ஸ்ட் எடிட்டர்ல திறந்து பாருங்க. ஒவ்வொரு புள்ளிக்கும் டைம்னு ஒரு வரி இருக்கணும். மேப்ல கோடு வரைஞ்சு எடுத்த ஃபைல்னா அது மொத்தமாவே இருக்காது, சிலதுல நடுவுல மட்டும் காணாம போயிருக்கும். எந்த டூல்ங்கறதை இதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்.

மொத்தமா இல்லைன்னா ஜிபிஎஸ்பேபல் போதும், ஜிபிஎஸ் ஃபைல்களை மாத்தித் திருத்துற இலவச டூல் அது. ட்ராக் ஃபில்டர்ல ஃபேக்டைம்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல 20240114060000+5 னு கொடுத்தா 2024 ஜனவரி 14, 6 மணியில ஆரம்பிச்சு புள்ளிக்கு 5 செகண்ட் கூட்டிக்கிட்டே போகும், ஒரே வரி கமாண்ட்ல வேலை முடிஞ்சுது. முன்னாடி ஒரு எஃப் சேர்த்தா ஏற்கனவே இருக்கிற நிஜ டைமையும் அழிச்சு எழுதிடும், பாதி டைம் இருக்கிற ஃபைல்ல அதைப் போடவே போடாதீங்க.

ஆனா இது தூரத்தைப் பார்க்காது. ரெண்டு புள்ளிக்கு நடுவுல 5 மீட்டர்னா மணிக்கு 3.6 கிமீ, நடக்கிற வேகம், சரி. அடுத்த புள்ளி 100 மீட்டர் தள்ளி இருந்தா அதே 5 செகண்டுக்கு 72 கிமீ வேகம் வந்துரும். அதனால முதல்ல இன்டர்போலேட் ஃபில்டர் போட்டு நீளமான இடைவெளியில புள்ளிகளை நிரப்பிட்டு அப்புறமா ஃபேக்டைம் போடுங்க.

நடுவுல மட்டும் ஓட்டைன்னா என் ஓட்டு ஜிபிஎக்ஸ்பைக்குத்தான், ஜிபிஎக்ஸ் ஃபைலைப் படிச்சு எழுதுற பைத்தான் லைப்ரரி அது. நாலஞ்சு வரி ஸ்கிரிப்ட் எழுதணும், அது கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனா விடுபட்ட டைமை நிரப்புற ஃபங்ஷன் முன்னாடி பின்னாடி இருக்கிற நிஜ டைமை எடுத்துக்கிட்டு தூரத்துக்கு ஏத்த மாதிரி பிரிச்சுக் கொடுக்குது. ட்ராக்கோட தலையிலயோ வால்லயோ டைம் இல்லைன்னா அதை அப்படியே விட்டுரும், அங்க பிடிச்சுக்க எதுவும் இல்லையே. போட்டோவுக்கு லொக்கேஷன் போடத்தான் ட்ராக்னா இந்த வழி ரொம்ப நல்லது: உச்சியில எடுத்த போட்டோவோட டைமை அந்த இடத்துப் புள்ளியில கையால எழுதிட்டு ஓட விடுங்க, சும்மா 5 செகண்ட் கூட்டினதை விட எவ்வளவோ நம்பலாம்.

ஓட்டம், சைக்கிள் பயணத்தைப் பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப் டைம் இல்லாத ஃபைலை ஏத்திக்காதுங்கறதுக்காக கற்பனை டைம் போட்டு ஏத்துறவங்க தயவு செஞ்சு அதை பிரைவேட்டா வச்சுக்குங்க, செக்மென்ட்ல, அதாவது நேரத்தை வச்சு ரேங்க் போடற பாதைத் துண்டுல, நிஜமா ஓடினவங்க இடத்தைப் பிடிக்கிறது நியாயமே இல்ல.

ரெண்டு டூல்லயும் கடைசியா ஒரு செக்: ஜிபிஎக்ஸ்ல டைம் யூடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல தான் இருக்கும். இந்திய நேரம் காலை 6 மணின்னா ஃபைல்ல 00:30 னு இருக்கணும். 06:00 னே இருந்தா ஆப்ல 11:30 க்கு கிளம்பின மாதிரி காட்டும், அப்போ ஜிபிஎஸ்பேபல்லயே மூவ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அஞ்சரை மணி நேரம் பின்னாடி தள்ளிடுங்க.