ஜீன் டெஸ்ட் கிட்: ஒரு சாயப்பட்டறை மாஸ்டரின் ரிவ்யூ

ஐந்துக்கு இரண்டரை ஸ்டார். அரை ஸ்டார் பார்சல் வந்த நேர்த்திக்கு. இரண்டு ஸ்டார் ரிப்போர்ட்டில் இருக்கும் மருந்துப் பகுதிக்கு, அதைப் பிறகு சொல்கிறேன். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு நான் ஒன்றும் தரவில்லை. எனக்கு வேண்டியிருந்ததே அந்தப் பக்கம்தான்.

நான் ஈரோட்டுப் பக்கம் சிட்டா நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் தொழில் பழகியவன். இப்போது திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் போடும் இடத்தில் மாஸ்டர். அப்பாவுக்கும் இதே தொழில்தான். பெங்களூரில் இருக்கும் மகள் ஆஃபரில் பார்த்து இந்த கிட்டை வாங்கி அனுப்பினாள். "அப்பா, நீங்க இத்தனை வருஷம் கெமிக்கல்ல நின்னிருக்கீங்க, ஒரு தடவை பார்த்துடுங்க" என்றாள். ஆஃபர் போக ஏழாயிரத்துச் சொச்சம். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை.

பெட்டியைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் மூடியில் நீல நிறத் திரவம், திருப்பி அனுப்பக் கவர். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்துவிட்டு குழாயில் கோடு வரை எச்சில் துப்ப வேண்டும். நுரையைக் கணக்கில் எடுக்கக் கூடாது. வெற்றிலை போடுகிறவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம். மூடியை முறுக்கினால் நீலம் உள்ளே இறங்கிக் கலக்கும், குலுக்கி ஒட்டினால் முடிந்தது. கூரியர்காரர் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டார். இதிலெல்லாம் குறை இல்லை.

ரிப்போர்ட் மொபைலுக்கு பிடிஎஃப் ஆக வந்தது. வழுக்கை விழுமா, காப்பி ஒத்துக்கொள்ளுமா, தூக்கம் எப்படி என்று பக்கம் பக்கமாகப் போகிறது. நடுவில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய். வண்டி ஸ்பீடாமீட்டர் மாதிரி ஓர் அரை வட்டம், முள் மஞ்சளில் நிற்கிறது. "சராசரியைவிடச் சற்று அதிகம்." கீழே காரணம்: எனக்கு 'நாட்2' என்கிற ஜீன் மந்த வகையாம். அதற்குக் கீழே ஆலோசனை: தண்ணீர் நிறையக் குடியுங்கள், காய்கறி சாப்பிடுங்கள், புகைக்காதீர்கள். அவ்வளவுதான்.

பதிவு செய்யும்போது உயரம், எடை, சைவமா அசைவமா, யோகா செய்வீர்களா என்று வரிசையாகக் கேட்டார்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று மட்டும் கேட்கவே இல்லை. சிறுநீர்ப்பைப் புற்றுநோயைப் பற்றிப் பேச வந்தவர்கள் இதைக் கேட்காமல் எப்படி முள்ளை நகர்த்தினார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. இந்த நோய்க்கும் வேலைக்கும் உள்ள உறவு முதலில் தெரிய வந்ததே சாயத் தொழிலில்தான். 1895இல் ஃபிராங்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்கிற அறுவை மருத்துவர், மெஜந்தா சாயம் தயாரித்த தொழிலாளிகளுக்கு இந்த நோய் வருவதைக் கவனித்து எழுதினார். பென்சிடின், 2-நாஃப்தைலமீன் என்று குற்றவாளிகளின் பெயர்கள் பின்னால் வந்தன. இரண்டும் அரோமாட்டிக் அமீன் என்கிற ரசாயன வகை. மூச்சில் மட்டுமில்லை, தோல் வழியாகவும் உள்ளே போகும். சாயத்தோடு ரப்பர் ஆலைகளும் பின்னால் இதே கணக்கில் சேர்ந்தன.

இனி அந்த 'மந்தம்' என்ன என்று சொல்கிறேன், ரிப்போர்ட்டில் அரை வரிக்கு மேல் இல்லை. கல்லீரலில் இருக்கும் நாட்2 நொதி, உள்ளே வந்த அமீனின் மேல் அசிட்டைல் என்கிற ஒரு சிறு ரசாயனத் துண்டை ஒட்டி அதைச் சாதுவாக்கி வெளியே தள்ளப் பார்க்கும். சிலருக்கு இந்த வேலை வேகமாக நடக்கும், சிலருக்கு மெதுவாக. மெதுவாக நடந்தால் மிச்சமிருக்கும் அமீன் வேறு வழியில் மாறி, சிறுநீரோடு பையில் வந்து தங்கி, அங்கே உள்சுவரின் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும். 1982இல் இங்கிலாந்தில் வந்த ஓர் ஆய்வில், சாய ரசாயன ஆலைகளில் வேலை பார்த்து இந்த நோய் வந்த 23 பேரில் 22 பேர் மந்த வகை. படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆனால் சீனாவில் பென்சிடின் ஆலைத் தொழிலாளிகளைப் பார்த்தபோது கதை தலைகீழானது. அங்கே மந்த வகைக்காரர்களுக்கு ஆபத்து கூடவில்லை. பின்னால் இன்னும் பலரைச் சேர்த்துப் பார்த்ததில் அவர்களுக்குக் குறைவாகவே தெரிந்தது. பென்சிடினுக்கு இரண்டு பக்கமும் அமீன் உண்டு. ஒரு பக்கம் அசிட்டைல் ஏறுவதுதான் மறுபக்கம் விஷமாக மாறுவதற்கு வழி திறக்கிறது என்பது விளக்கம். அதாவது 2-நாஃப்தைலமீனில் நின்றவனுக்குப் பாதகமான ஜீன், பென்சிடினில் மட்டும் நின்றவனுக்குப் பாதகம் இல்லாமல் போகலாம். எதில் நின்றான் என்று தெரியாமல் மஞ்சளா பச்சையா என்று எப்படிச் சொல்வது? என் முள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது நான் எந்த டிரம்மைத் திறந்தேன் என்பதில் இருக்கிறது. எச்சிலில் அது இல்லை.

நான் திறந்த டிரம்கள் என்னென்ன என்பதும் முக்கியம். பழைய சிட்டா நூல் பட்டறையில் டைரக்ட் சாயங்களும் நாஃப்தாலும் ஓடின. டைரக்ட் சாயங்களில் பென்சிடினை வைத்துச் செய்தவை பல உண்டு. இப்போது பனியன் துணிக்கு ஓடுவது பெரும்பாலும் ரியாக்டிவ். அது வேறு வகை. அதன் பொடி சிலருக்கு மூச்சிரைப்பைக் கொடுக்கும், ஆனால் பென்சிடின் கதை இதற்குப் பொருந்தாது. பென்சிடின் மாதிரி அமீன்களை வெளிவிடும் சாயங்களுக்கு 1994இல் ஜெர்மனி தடை போட்டது. இங்கேயும் 1997க்குள் 112 சாயங்களைக் கையாளத் தடை வந்தது. அதற்குப் பிறகு ஏற்றுமதிக்காரர்கள் துணியில் அந்த அமீன் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்கிற வரம்பைக் காட்டி லேப் ரிப்போர்ட் கேட்கப் பழகிவிட்டார்கள். ஆக இன்றைக்கு வேலைக்குச் சேரும் பையனின் ஆபத்தும் என் ஆபத்தும் ஒன்றல்ல. நோய் தலைகாட்ட இருபது வருஷம், அதற்கு மேலும் ஆகலாம் என்பதால் என் வயதுக்காரர்கள்தான் கவனமாக இருக்க வேண்டியவர்கள்.

பட்டறைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று. அப்பாவின் நகக்கண்ணில் எப்போதும் சிவப்பு இருக்கும். சோப்புக்குப் போகாது. சாயங்காலம் எல்லோரும் கலரை வெளுக்கும் ஹைட்ரோஸ் பொடியில் ஒரு பிடியை உள்ளங்கையில் போட்டு, நனைத்து, தேய்த்துக் கழுவுவார்கள். கலர் கண் முன்னாலேயே வெளுத்து ஓடும். கந்தக வாடை அடிக்கும். அது எப்படி வெளுக்கிறது தெரியுமா? சாயத்துக்கு நிறம் தரும் அசோ பிணைப்பை ஹைட்ரோஸ் வெட்டுகிறது. வெட்டினால் கிடைப்பது அமீன். துணியில் தடைசெய்த அமீன் இருக்கிறதா என்று பார்க்க லேபில் போடுவதும் இதே ஹைட்ரோஸ்தான் (ரசாயனப் பெயர் சோடியம் டைதயோனைட்), சூடாக்கிப் போடுவார்கள். லேபில் கண்ணாடிக் குடுவையில் நடப்பது எங்கள் ஆட்களின் கைத்தோலில் நடந்தது. இன்றைக்கும் சில பட்டறைகளில் நடக்கிறது. பீகாரிலிருந்து வந்த பையன்களுக்கு இதைப் பழக்கிவிடுவதே நம்ம ஆட்கள்தான். இந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்ல எந்த ஜீன் ரிப்போர்ட்டும் தேவையில்லை.

கஸ்டமர் கேருக்கு போன் போட்டு ரிப்போர்ட்டில் 'ஜிஎஸ்டிஎம்1' என்கிற ஜீன் ஏன் இல்லை என்று கேட்டேன். அந்த ஜீன் பலருக்கு முழுசாகவே இருக்காது. 2005இல் வந்த பெரிய ஸ்பெயின் ஆய்வில் அது இல்லாதவர்களுக்கு ஆபத்து 1.7 மடங்கு, நாட்2 மந்தமானவர்களுக்கு 1.4 மடங்கு, அதுவும் புகைப்பவர்களிடம் அதிகமாக. பெரிய எண் எதில் என்று பாருங்கள். அந்தப் பொண்ணு பொறுமையாகத்தான் பேசியது. "சார், அது எங்க பேனல்ல கவர் ஆகலை" என்றது. அப்புறம் பிரீமியம் பிளானுக்கு மாறினால் டயட்டீஷியனிடம் பேசலாம் என்றது. சாயப்பட்டறை மாஸ்டருக்கு டயட்டீஷியன்! சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

மருந்துப் பகுதிக்கு ஏன் இரண்டு ஸ்டார் என்றால், அங்கே இதே நாட்2 உருப்படியான வேலை செய்கிறது. காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் மாத்திரையை உடைப்பதும் இந்த நொதிதான். மந்த வகைக்காரர்களுக்கு மருந்து உடம்பில் கூட நேரம் தங்கும், கைகால் மரத்துப்போகும் தொல்லை அவர்களுக்குத்தான் அதிகம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் நம் ஊர் நோயாளிகளை வைத்தே இதை அந்தக் காலத்தில் ஆராய்ந்திருக்கிறது. என் மச்சினன் அந்த மாத்திரை சாப்பிட்டபோது பாதம் எரிகிறது என்று புலம்பினான், பி6 மாத்திரை சேர்த்துக் கொடுத்தார்கள். இந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டினால் பயன் உண்டு.

சிறுநீரக டாக்டரிடமும் ரிப்போர்ட்டைக் கொண்டுபோனேன். மொபைலை வாங்கி ஒரு பார்வை பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "என்ன வேலைங்க? எந்த வருஷத்திலேர்ந்து? பீடி, சிகரெட்?" மூன்று கேள்வி. எப்போதாவது வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்ததா என்பது நான்காவது. இந்த நோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம், சிகரெட் புகையிலும் அதே 2-நாஃப்தைலமீன் இருக்கிறது என்றார். இந்தியர்களில் பாதிப் பேருக்கு மேல் மந்த வகைதான், அதை வைத்துப் பயப்பட ஆரம்பித்தால் ஊரே பயப்பட வேண்டும் என்றும் சொன்னார். சிறுநீர் சோதனையும் ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார். ரத்தம் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் வரச் சொன்னார், அப்போது உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பார்களாம். சிறுநீர் சோதனைக்கும் ஸ்கேனுக்கும் சேர்த்து கிட்டின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. எங்கள் முதலாளி நல்ல மனுஷன், இருந்தாலும் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், ஆள் எடுக்கறதுக்கு முன்னாடி இதை எடுத்துப் பார்த்துட்டா என்னங்?" என்று கேட்டார். மந்தம் என்று வந்தவனை எல்லாம் வேண்டாம் என்றால் பாதி ஆள் வெளியே நிற்பான். மீதி ஆள் கையுறை இல்லாமல் உள்ளே நிற்பான். அமெரிக்காவில் ஜீனைப் பார்த்து வேலைக்கு எடுப்பதை 2008லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். முதலாளியிடம் அதைச் சொல்லிவிட்டு, கலர் ரூமுக்கு முழங்கை வரை வரும் நைட்ரைல் கையுறையும், பொடி பறக்காமல் எடை போட ஒரு மூடிய மேடையும் கேட்டேன். கையுறை வந்துவிட்டது. மேடை தீபாவளிக்குப் பிறகு என்றிருக்கிறார்.

யார் வாங்கலாம்? வீட்டில் யாருக்காவது டிபி மருந்து மாதிரி ஏதாவது ஓடுகிறது, டாக்டரும் கேட்கிறார் என்றால் யோசிக்கலாம். சாயம், ரப்பர், பெயிண்ட் வேலைக்காரர்கள் சிறுநீர்ப்பைப் பக்கத்தை நம்பி வாங்க வேண்டாம். பச்சை முள் வந்தாலும் பீடியை விட வேண்டியதுதான், கையுறை போட வேண்டியதுதான். வாங்கியே தீருவேன் என்றால் பதிவு செய்யும்போது கடைசித் திரையில் "ஆராய்ச்சிக்கு என் தகவலைப் பகிரச் சம்மதம்" என்று ஒரு கட்டம் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். அது வேண்டாமென்றால் பதிவை முடிக்கும் முன் எடுத்துவிடுங்கள். பிறகு மாற்ற மெயில் அனுப்பினால் பதில் வர நாளாகிறது.