ப்ரோஷர்ல ஹோமம் இருந்துச்சு, ஹால்ல இல்ல: ஜார்ஜ்டவுன் ஹோட்டல்ல தங்கச்சி கல்யாண டின்னர்

ஹோட்டல் பேரு போடல, கேக்காதீங்க. ஜார்ஜ்டவுன்ல கடலுக்குப் பக்கமா இருக்குற ஹோட்டல், பெரிய ஹால், அவ்வளவுதான் சொல்வேன். எங்க காசு கொஞ்சம் அவங்ககிட்ட இன்னும் நிக்குது, அது வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதன்னு சித்தப்பா ஆர்டர். ஆனா பினாங்குல ஹால் தேடிக்கிட்டு அலையுறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன், ஏன்னா நான் தேடுனப்ப கெடச்ச ரிவியூ எல்லாம் "நைஸ் ப்ளேஸ், ஃப்ரெண்ட்லி ஸ்டாஃப்"னு ரெண்டு வரி, அத நம்பி ஐம்பதாயிரம் வெள்ளி (ரிங்கிட்டத்தான் சொல்றேன்) எப்படிக் கட்டுறது.

பொங்கல் முடிஞ்ச வாரம் அந்த ஹோட்டல்ல வெட்டிங் ஃபேர் போட்டாங்க. நானும் தங்கச்சியும் சும்மா பாத்துட்டு வரலாம்னுதான் போனோம். உள்ள நொழஞ்சா பூ அலங்காரம் என்ன, ஐஸ்ல செதுக்குன அன்னப்பறவை என்ன, ஒரு சுத்து சுத்தி முடிக்கிறதுக்குள்ள கையில ஒரு ஜூஸ், ஒரு ப்ரோஷர். சேல்ஸ்ல ஒரு சீனப் பொண்ணு, "வாங்க அக்கா, சாப்டீங்களா"ன்னு அழகா தமிழ்ல கேக்குது, அங்கயே எங்க அம்மாவா இருந்தா கையெழுத்தே போட்டுருப்பாங்க. ப்ரோஷர்ல "இண்டியன் வெட்டிங் பேக்கேஜ்"னு தனிப் பக்கம். மணவறை, ரெண்டு பக்கமும் வாழை மரம், நடுவுல ஹோமகுண்டம் கொழுந்து விட்டு எரியுது, ஐயர் நெய் ஊத்துறாரு. அந்த ஒரு ஃபோட்டோவப் பாத்துத்தான் காலையில தாலியும் இங்கயே, ராத்திரி டின்னரும் இங்கயேன்னு முடிவு பண்ணுனோம். வாட்சப்ல "ஹோமம் பண்ணலாமா"ன்னு கேட்டேன். "கேன் கேன்"னு பதில் வந்துச்சு, கூடவே கைகூப்புற எமோஜி ரெண்டு.

வெல பேசுற விசயத்துல ஒண்ணு சொல்றேன், இது எங்க பெரியப்பா சொல்லிக் குடுத்தது, அவரு இருபது வருசம் ஹோட்டல் கிச்சன்ல வேல பாத்தவரு. நமக்கு ஆடி ஆகாது, புரட்டாசி மார்கழியும் ஆகாது, ஆவணி நல்ல மாசம். சீனவங்களுக்கு ஏழாம் மாசம் இருக்கே, பேய் மாசம்னு சொல்வோமே, அது அனேகமா ஆகஸ்ட் செப்டம்பர்ல வந்து நம்ம ஆவணி மேலயே உக்காரும். அந்த மாசம் அவங்க கல்யாணமே வைக்க மாட்டாங்க. இந்த ஊரு ஹோட்டல் ஹால்ல சனிக்கிழம ராத்திரின்னா பாதிக்கு மேல சீனக் கல்யாணம்தான், அப்ப நமக்கு முகூர்த்தம் நெருக்குற நேரத்துல அவங்க ஹால் காத்து வாங்குது. ரம்ஜான் நோன்பு மாசத்துத் தேதி கேட்டா ஹால் பூரா நோன்பு திறக்குற பஃபே, வெல கொறையவே கொறையாது. ஆவணித் தேதி கேளுங்க, கொறையும். எங்களுக்கு மேசைக்கு 1,350 சொன்னத 1,200 ஆக்குனாங்க, பொண்ணு மாப்பிள்ளைக்கு ஒரு ராத்திரி ரூமும் சும்மா. பெரியப்பாவுக்கு அன்னைக்கு ஒரு மரியாத பாருங்க வீட்டுல.

ஆனா 1,200ன்னு வாய்ல சொல்றது வேற பில்லு வேற, பின்னாடி ஒட்டிக்கிட்டு இருக்குற ப்ளஸ் ப்ளஸ்ஸ மறந்துராதீங்க. 10% சர்வீஸ் சார்ஜ், 6% சேவை வரி, ஒரு மேசை கிட்டத்தட்ட 1,400ல போய் நிக்கும். 35 மேசைக்கு இந்த ப்ளஸ்ஸுக்கு மட்டும் 6,700 வெள்ளிக்கு மேல. எங்க வீட்டுல பட்ஜெட் போட்ட ஆளு (நான்தான்) இத மறந்துட்டேன், அதனால ஃபோட்டோக்காரர்கிட்ட ஆல்பம் ஒண்ணு கொறைக்க வேண்டியதாப் போச்சு.

டெபாசிட் கட்டி ஒரு மாசம் ஆச்சு. அந்த சேல்ஸ் பொண்ணு வேற பிராஞ்சுக்குப் போயிருச்சாம், இனிமே ஈவன்ட் ஆளுகிட்ட பேசணும்னாங்க. மொத மீட்டிங்லயே அவரு ஹால்ல நெருப்பு கூடவே கூடாதுங்கறாரு. கூரை பூரா புகை சென்சார், அடிச்சுச்சுன்னா ஹோட்டல்ல தங்கியிருக்குற அத்தன பேரையும் எறக்கணுமாம். சரி, குத்துவெளக்கு? பேட்டரி வெளக்கு வச்சுக்கங்க மேடம், நெஜ வெளக்கு மாதிரியே ஆடும்னாரு. எங்க அம்மா அதுவரைக்கும் பேசாம உக்காந்திருந்தாங்க, "அப்ப தாலியையும் பேட்டரியிலயே கட்டிருவோமா கேளு"ன்னாங்க. நான் மொழிபெயர்க்கல.

அந்த ஆளு மேல எனக்குக் கோவமில்ல, அவரு சொன்னது சரிதான். தாழ்வான கூரை, சுவத்துல துணி, கீழ கனமான கார்ப்பெட், அதுக்குள்ள ஹோமம் வளத்தா வம்புதான். அந்த ஃபோட்டோ எங்க எடுத்ததுன்னு கேட்டேன், நீச்சல் குளத்துக்குப் பக்கத்துல வெளிய எடுத்ததாம், அந்த எடத்த இப்ப ரெஸ்டோரன்ட் ஆக்கிட்டாங்களாம். அப்பறம் எதுக்கு அத ப்ரோஷர்ல வச்சிருக்கீங்க? அதுக்குப் பதில் இல்ல. கடைசியில காலையில குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில்ல தாலி. 1833ல கட்டுன கோயில், புகைக்கெல்லாம் பழகுன கூரை, வாசல்ல எறங்குனா நாலு அடியில மாலைக் கடை. பார்க்கிங் மட்டும் சாமி மேல பாரத்தப் போட்டுட்டுப் போகணும். ஹோட்டல் பேக்கேஜ்ல இருந்த மணவறைக்குக் காசு கழிக்க மாட்டேன்னுட்டாங்க, அத ஹால் ஓரமா வச்சு ஃபோட்டோ எடுக்குற எடம் ஆக்கிட்டோம். கல்யாணப் பதிவும் ஏற்பாடு பண்ணித் தருவோம்னு ப்ரோஷர்ல ஒரு வரி இருக்கு, அத நம்பாதீங்க, ஜேபிஎன்ல (தேசியப் பதிவு இலாகா) மனு குடுத்து 21 நாள் அறிவிப்பு ஒட்டணும், அதுக்கு நாமதான் அலையணும்.

இப்ப பலகாரக் கதைக்கு வர்றேன், இதுதான் எனக்கு இன்னும் ஆறல. பெரியம்மா வீட்டுல ரெண்டு நாள் நாலு பொம்பளைங்க உக்காந்து அதிரசம், முறுக்கு, லட்டு சுட்டோம். 350 சின்னப் பெட்டி. சனிக்கிழம மத்தியானம் மூணு மணிக்கு வேன்ல ஏத்திக்கிட்டு ஹோட்டல் பின்னாடி சாமான் எறக்குற எடத்துக்குப் போனா, கார்டு கையக் காட்டி நிறுத்திட்டாரு. வெளிச் சாப்பாடு உள்ள வரக்கூடாது, எங்க கிச்சனுக்கு ஹலால் சான்றிதழ் இருக்கு, ஹால்ல வெளிச் சாப்பாடு இருந்தா சான்றிதழுக்கே ஆபத்துன்னாரு. சைவப் பலகாரம்தானேங்க, எண்ணெயும் வெல்லமும்தானேங்கறேன். அவருக்கு அதெல்லாம் கணக்கில்ல, வெளிய செஞ்சது வெளியதான். பெரியம்மா வேன் படியில உக்காந்துட்டாங்க, மடியில ஒரு லட்டுப் பெட்டி, அந்த ரிப்பனப் பிரிக்கிறதும் மறுபடி கட்டுறதுமா இருக்காங்க. ரூல் இருக்குறது தப்பே இல்ல, நம்ம ஊர்ல அப்படித்தான் இருக்கும், எட்டு மாசமா இத்தன மீட்டிங், இத்தன மெசேஜ், அதுல ஒரு தடவ சொல்லியிருந்தா என்ன, இண்டியன் பேக்கேஜ்னு பேரு வச்சா நாங்க பலகாரம் கொண்டு வருவோம்னு கூடவா தெரியாது?

காப்பாத்துனது ஹால் கேப்டன். அம்பது வயசு இருக்கும், மலாய்க்காரரு, நாங்க பாங்ன்னுதான் கூப்பிட்டோம், மலாய்ல அண்ணன்னு அர்த்தம். வந்து பெட்டியப் பாத்தாரு, பெரியம்மாவப் பாத்தாரு. இது சாப்பாடு இல்ல, போறப்ப குடுக்குற அன்பளிப்புன்னு எழுதிக்கிறேன், பெட்டியத் தொறக்கக் கூடாது, ஹாலுக்குள்ள வரக் கூடாது, லிஃப்டுக்குப் பக்கத்துல மேசை போட்டுத் தர்றேன், கெளம்புறப்ப குடுத்துருங்கன்னாரு. அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுருச்சு. வாழை மரத்துக்கும் அவருதான். வாழைச் சாறு கார்ப்பெட்ல பட்டா கறை போகாதுல்ல, அதனால மரமே வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, இவரு ரெண்டு பெயிண்டு வாளியில மணல் ரொப்பி, அடியில பிளாஸ்டிக் விரிச்சு, வெட்டுன எடத்துல எல்லாம் தானே டேப் சுத்தி வாசல்ல நிறுத்திட்டாரு. எங்க மாமா கட்டுனா கூட அவ்வளவு நேரா நின்னிருக்காது.

எல்ஈடி ஸ்க்ரீன் வாடகை தனி. "நெஞ்சார்ந்த நல்வரவு", கீழ பொண்ணு மாப்பிள்ளை பேரு, அவ்வளவுதான் கேட்டோம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு டெஸ்ட் போட்டாங்க. பன்னெண்டு அடி உயரத்துல கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவுல புள்ளி புள்ளியா ஒரு வட்டம். தங்கச்சி பேர வாசிச்சா வேற யாரோ கல்யாணம். ஸ்க்ரீன் பாக்குற பையன் பாவம், அவனுக்கு எப்படித் தெரியும், "ஓகே ஆ?"ங்கறான். அவங்க சாஃப்ட்வேர்ல தமிழ டைப் பண்ணுனா இப்படித்தான் ஒடையும். எங்க வீட்டுக்காரரு அங்கயே போன்ல எழுதி படமா மாத்திக் குடுத்தாரு, பத்து நிமிசம்தான். தயவுசெஞ்சு யாரும் தமிழ எழுத்தா அனுப்பாதீங்க, படமா அனுப்புங்க, அதையும் மொத நாளே போட்டுப் பாத்துருங்க.

டின்னர் ஏழு மணின்னு பத்திரிகையில போட்டோம். மெர்டேகா (சுதந்திர தினம்) லீவு வாரம், தீவுக்கு வர்ற பாலம் எப்படி இருக்கும்னு இந்தக் கரை ஆளுங்களுக்குத் தெரியும். சுங்கைப் பட்டாணி, கூலிம், புக்கிட் மெர்தாஜாம்னு அக்கரைச் சொந்தமெல்லாம் ஜேம்ல. ரெண்டாவது பாலத்துல வந்தவங்க தீவோட தெக்குப் பக்கம் பத்து மாவுங்ங்கற எடத்துல எறங்கி அங்கேருந்து ஊருக்குள்ள வர மறுபடி ஜேம். ஃபெர்ரியில இப்ப ஆளும் மோட்டாரும்தான், கார் ஏறாது, அதையே ஒரு மாமா யோசிச்சு பட்டர்வொர்த்ல கார நிறுத்திட்டு வேட்டி சட்டையோட ஃபெர்ரி ஏறி ஆறரைக்கே வந்து மொத மேசையில உக்காந்துட்டாரு. பத்தாததுக்கு ஹோட்டலுக்குத் திரும்புற ரோட்டுல பேய் மாசத்துக்கு மேடை போட்டு சீனப் பாட்டு, பாதி ரோடு மூடியாச்சு. வெல கொறைச்சு வாங்குனோம்ல, அனுபவிக்க வேண்டியதுதான். எட்டே முக்காலுக்குத்தான் மொத ஐட்டம் எறங்குச்சு, கிச்சன்ல பிடிச்சு வச்சது அந்த பாங்தான், இல்லன்னா ஏழரைக்கே காலி மேசைக்குப் பரிமாறியிருப்பாங்க.

சாப்பாடு? ஆட்டிறைச்சி பிரட்டல் அருமை, நெஜமா, டேஸ்டிங்ல சாப்ட அதே ருசி, எலும்புலருந்து கறி தானா விழுது. நாசி மின்யாக் (நெய்ச்சோறு) பரவால்ல. மீன் ஆறிப் போச்சு. சைவ மேசைதான் மோசம், நாலு மேசைக்கும் காளான் காளான் காளான், எதத் தொறந்தாலும் காளான், ரசம் கேட்டா டொமேட்டோ சூப் வருது. அந்த மேசையில இருந்த ரெண்டு பேரு போற வழியில கடையில நின்னு தோசை சாப்ட்டதா அடுத்த நாள்தான் காதுக்கு வந்துச்சு. எம்சி நல்ல பையன், ஆனா ஹோட்டல் குடுத்த பேப்பர அப்படியே வாசிச்சு சீனக் கல்யாணத்துல வாழ்த்திக் குடிக்கிறப்ப கத்துவாங்களே, அந்த "யாம் செங்"னு கெளாஸத் தூக்கச் சொன்னான், பெருசுங்க எல்லாம் சர்பத்தத் தூக்கிக்கிட்டு யாஆஆம்னு இழுத்தாங்க பாருங்க, அன்னைக்கு ராத்திரி மொத்தத்துலயும் சத்தமா இருந்தது அதுதான், ஹால்ல நாதஸ்வரத்துக்கே ஸ்பீக்கர் சத்தத்தக் கொறைக்கச் சொன்னவங்க அதுக்கு ஒண்ணும் சொல்லல.

மேசைக் கணக்குல நாங்க ஏமாந்தோம். 35 மேசை உறுதி பண்ணி, மூணு மேசை ஆளே உக்காரல. நம்ம ஆளுங்க வர்றேன்னா வரமாட்டாங்க, வரலன்னா அஞ்சு பேரோட வருவாங்க. மூணு மேசைக்கும் முழுக் காசு, மிஞ்சுன சாப்பாட்டப் பொட்டலம் கட்டவும் விடல. அப்பறமாத்தான் பாங் சொன்னாரு, சீனக் குடும்பங்க எல்லாம் 30 உறுதி, அஞ்சு ரிசர்வ்னு பேசுவாங்களாம், ரிசர்வ் மேசை விரிச்சு வச்சிருக்கும், ஆளு உக்காந்தாத்தான் காசு. அத ஒப்பந்தத்துல எழுதி வாங்கணுமாம். எங்ககிட்ட யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல.

கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வாரத்துல தங்கச்சி ஒரு லிங்க் அனுப்புனா. ஹோட்டல் பேஜ்ல எங்க கல்யாண வீடியோ. அந்த வாழை மரம், எங்க வீட்டுக்காரரு எழுதுன தமிழ் எழுத்து, லிஃப்டுக்குப் பக்கத்துல பெரியம்மா பலகாரப் பெட்டி குடுக்குறது, எல்லாம் இருக்கு, கீழ "எங்கள் பாலிவுட் வெட்டிங் பேக்கேஜ்"னு. யாரையும் ஒரு வார்த்த கேக்கல. ஒப்பந்தத்தப் பாத்தா கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல படம் எடுத்து விளம்பரத்துக்குப் போட்டுக்கலாம்னு இருக்கு, நாங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கோம். பாலிவுட்ங்கறதயாவது எடுங்கன்னு கேட்டதுக்கு "சவுத் பாலிவுட்"னு மாத்துனாங்க.

ஹால், கறி, அந்த கேப்டன், இந்த மூணுக்கும் நான் முழு மார்க் போடுவேன். ஆபீஸ் பக்கம் அஞ்சுக்கு ஒண்ணரை. சேத டெபாசிட் 1,000 வெள்ளி பதினாலு நாள்ல திருப்பித் தருவோம்னாங்க, இன்னைக்கு நாப்பத்தி ஒண்ணாவது நாள். கார்ப்பெட்ல கறை இருக்கான்னு செக் பண்றாங்களாம். வந்துச்சுன்னா இங்கயே எடிட் பண்ணிப் போடுறேன்.