தலையில் கட்டிவிட்ட ஹெட்ஃபோன்

"வால்யூமைத் தொடவே இல்ல பாருங்க சார், ரெண்டுக்கும் ஒரே அளவுதான்" என்று ஹெட்ஃபோன் விற்பவர் யாராவது சொன்னால் உஷாராகிவிடுங்கள். அந்த ஒரு வரியை நம்பி, என் பழைய ஹெட்ஃபோனைவிட ஆறு மடங்கு விலையுள்ள ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தவன் எழுதுகிறேன்.

என்னிடம் இருந்தது 250 ஓம் (மின்சாரத்துக்கு ஹெட்ஃபோன் காட்டும் தடையின் அளவு) குளோஸ்டு-பேக், அதாவது கிண்ணத்தின் பின்பக்கம் மூடிய வகை. ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடுபவர்கள் மாட்டிக்கொள்ளும் ரகம், விலை குறைவு. ஐந்து வருடம் உழைத்துவிட்டது. காதைச் சுற்றி உட்காரும் மெத்தையான பேட் தட்டையாகி, மேலுறை உரிந்து, கழற்றும்போதெல்லாம் காதோரம் கறுப்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வரும். கொஞ்ச நாளாகவே பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, மெலிந்துபோனதாக ஒரு நினைப்பு வேறு. டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் பகுதி) போய்விட்டது என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

ஹெட்ஃபோனுக்குச் சத்தம் கூட்டித் தரும் ஒரு ஆம்ப் முன்னால் உட்காரவைத்தார்கள். முதலில் என்னுடையதைச் செருகி, நான் கேட்ட பாட்டையே போட்டார் விற்பனையாளர். அப்புறம் விலை உயர்ந்ததை இரண்டு கையாலும் எடுத்து, "கண்ணாடியக் கழட்டிட்டு வசதியா கேளுங்க சார்" என்றார். அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். அதே பாட்டு, அதே இடம். கிக் டிரம் வயிற்றில் விழுந்தது. பாடகி வரிக்கு முன்னால் மூச்சிழுப்பது கேட்டது. திரும்ப என்னுடையதை, கண்ணாடியோடு, மாட்டினால் யாரோ தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. அப்போதுதான் அந்த வால்யூம் வசனம் வந்தது. அவர் சொன்னது பொய் இல்லை. குமிழை அவர் தொடவே இல்லை.

தொட்டிருக்க வேண்டும், அதுதான் சங்கதி. விலை உயர்ந்தது 32 ஓம். மில்லிவாட்டுக்கு எவ்வளவு சத்தம் என்று பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் குமிழ் ஒரே இடத்தில் நின்றால் இரண்டுக்கும் போவது ஒரே வோல்டேஜ். அந்த வோல்டேஜில் 32 ஓம் ஹெட்ஃபோன் 250 ஓமைவிடக் கிட்டத்தட்ட எட்டு மடங்கு திறனை இழுத்துக்கொள்ளும். டெசிபெலில் சொன்னால் 9. பத்து டெசிபெல் கூடினாலே சத்தம் இரட்டிப்பானது போலத் தோன்றும் என்பார்கள். நான் கேட்டது நல்ல ஹெட்ஃபோனை அல்ல, ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தத்தை.

இதில் வெறும் சத்தம் மட்டும் இல்லை. 1933-லேயே பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய விஷயம் இது: சத்தம் குறையக் குறைய, நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் மற்ற ஒலிகளைவிட வேகமாக மங்கிவிடும். சத்தத்தைக் கூட்டினால் பாஸ் தானாகவே எழும்பி வரும். வித்தியாசம் ஒரு டெசிபெல்தான் என்றால் பெரும்பாலும் அது சத்தமாகத் தெரியாது, 'தெளிவு' என்று தெரியும். ஒன்பது டெசிபெல்லுக்கு நான் மயங்கியதில் என்ன ஆச்சரியம்?

அப்புறம் அந்தக் கண்ணாடி. குளோஸ்டு-பேக்கின் பாஸ் எல்லாம் பேட் தோலோடு ஒட்டி அடைப்பதில்தான் இருக்கிறது. கண்ணாடிக் கம்பி பேடைக் கொஞ்சம் தூக்கிவிட்டாலும் அந்த இடுக்கு வழியே பாஸ் கசிந்துவிடும். என்னுடையதில் தட்டையான பேட், அதன் மேல் கண்ணாடிக் கம்பி. கடைக்காரருடையதில் புத்தம்புது பேட், வெறும் முகம். போட்டி தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது.

தெரியாமல் செய்துவிட்டார் என்றே முதலில் நினைத்தேன். வீட்டில் வந்து இரண்டாம் நாள் கேட்டபோது கடையில் கேட்ட மாயம் காணாமல் போயிருந்தது. போன் செய்தேன். "புதுசு சார், 200 மணி நேரமாவது ஓடணும், அப்பதான் திறக்கும்" என்றார். சரி என்று இராப்பகலாக ஓடவிட்டேன். திருப்பிக் கொடுக்க ஏழு நாள் கெடு. ஏழு நாள் என்றால் 168 மணி நேரம். நிறுத்தாமல் ஓட்டினாலும் அவர் சொன்ன கணக்கு எட்டாம் நாளைத் தாண்டித்தான் முடியும். இந்தக் கூட்டல் எனக்கு ஒன்பதாம் நாள்தான் உறைத்தது. அவருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம். ஒன்பதாம் நாள் கூப்பிட்டபோது, ஹெட்ஃபோன் சரியாகத்தான் இருக்கிறது, என் காதுதான் இன்னும் பழகவில்லை என்றார். கெடு முடிந்துவிட்டதையும் மறக்காமல் சொன்னார்.

கோபத்தில் ஒரு அட்டையில் ஓட்டை போட்டு, அதில் போனின் மைக்கைப் பொருத்தி, பேடை அதன் மேல் அழுத்தி, பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓடவிட்டு இரண்டின் சத்தத்தையும் சமமாக்கினேன். ஆய்வகத் துல்லியம் ஒன்றும் இல்லை. கடையில் நடந்ததற்கு இது எவ்வளவோ தேவலை. பழையதற்குப் புதிய பேட் ஒரு ஜோடியும் வரவழைத்து மாட்டினேன். என் கண்ணைக் கட்டி, தம்பியை மாற்றி மாற்றிப் போட்டுவிடச் சொன்னேன். எடையும் பேடின் மெத்தென்ற தன்மையும் எது எது என்று காட்டிக்கொடுத்துவிடும், அதனால் இதை முழுச் சோதனை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பத்து முறையில் ஆறு முறை இதுதான் நன்றாக இருக்கிறது என்று நான் கைகாட்டியது பழையதை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். புதியது மோசம் இல்லை. பெண் குரல் அதில் மென்மை, தலையில் கனம் தெரியாது, கட்டுமானம் அருமை. என் பழையதில் 'ஸ்' எழுத்து வரும்போதெல்லாம் காதைக் கீறும். ஈக்வலைசரில் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் நான்கு டெசிபெல் குறைத்தேன், கீறல் போய்விட்டது. அதற்குப் பிறகு தம்பி போட்டுவிடும்போது எடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஆறு மடங்கில் ஐந்து மடங்கு உலோகத்துக்கும் தோல் பைக்கும் போயிருக்கிறது போல.

பிறகு தேடிப் படித்ததில், 2017-இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை எடுத்து, அதிர்வெண் வாரியாக அவை ஒலிக்கும் விதத்துக்கும் விலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்திருப்பது தெரிந்தது. தொடர்பு இல்லை. ஆறு மாதம் முன்பு படித்திருக்கலாம்.

நீங்கள் போனால் கண்ணாடியோடு கேளுங்கள், தினமும் எப்படிக் கேட்பீர்களோ அப்படி. சத்தத்தைச் சமப்படுத்தும் வரை ஒன்றும் பேசாதீர்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உங்கள் பழையதை எடுத்துப் போவதானால் புதிய பேட் மாட்டி எடுத்துப் போங்கள். பெட்டியில் 40,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைக் காட்டினால் சிரித்து வையுங்கள், மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்காது, வயதானால் அதுவும் இல்லை. 'ஓடஓடத் திறக்கும்' என்றால், அது திறக்கும் நாள்வரை திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

இதைப் பழையதை மாட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். டிரைவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. மெலிந்துபோன பாஸ், அந்த ஒரு ஜோடி பேடோடு திரும்பி வந்துவிட்டது.