எஸ்.ஆர். நம்பரைக் காட்டிப் பத்து மாதம் ஓட்டினார்கள்: உயில் வேலைக்கு ஆள் பிடிக்கும் முன் இதைப் படியுங்கள்

மேற்கு மாம்பலத்தில் அப்பா கட்டிய வீட்டை விற்கப் போய் நாங்கள் பட்ட பாட்டை எழுதுகிறேன். ஆள் பெயர், ஆபீஸ் பெயர் எதையும் போட மாட்டேன், கேட்காதீர்கள். பெயரைப் போட்டால் அந்த ஒருவரை மட்டும் தவிர்த்துவிட்டு அதே வேலையைச் செய்யும் அடுத்த ஆளிடம் போய் நிற்பீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

அப்பா 2022 பிப்ரவரியில் போனார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அண்ணன் டொரொண்டோவில், நான் கோயம்புத்தூரில், தங்கை மட்டும் அந்த வீட்டிலேயே இருந்து இரண்டு பேரையும் கடைசி வரை பார்த்துக்கொண்டாள். அப்பா 2014இல் உயில் எழுதிப் பதிவும் செய்து வைத்திருந்தார். வீட்டை விற்றுப் பாதி தங்கைக்கு, மீதி எனக்கும் அண்ணனுக்கும், உயிலை நிறைவேற்றும் பொறுப்பு எனக்கு. இதில் எங்கள் மூன்று பேருக்கும் துளி மனத்தாங்கல் கிடையாது. சண்டை இல்லாத குடும்பம், பதிவு செய்த உயில், இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

வந்தது. வீட்டை வாங்க வந்தவரின் வங்கி வக்கீல் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘புரோபேட் எங்கே?’ என்றார். ரிஜிஸ்டர் உயில்தானே சார் என்றேன். அது வேறு, இது வேறு என்றார். உயில் உண்மையானதுதான் என்று கோர்ட் பார்த்துச் சொல்லித் தருவதுதான் புரோபேட். பதிவு செய்துவிட்டதால் அந்த வேலை முடிந்துவிடாது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 57, 213ஆம் பிரிவுகள்படி, சென்னை, மும்பை உயர் நீதிமன்றங்களின் நேரடி எல்லைக்குள் எழுதிய இந்து உயிலுக்கும், அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு மனையைப் பற்றிய உயிலுக்கும் இது வேண்டும், இல்லையென்றால் அந்த உயிலை வைத்து எந்தக் கோர்ட்டிலும் உரிமையை நிலைநாட்ட முடியாது என்பதுதான் அன்றைய நிலை. தஞ்சாவூரில் உட்கார்ந்து தஞ்சாவூர் வீட்டுக்கு எழுதியிருந்தால் இந்தத் தொல்லை கிடையாது. முஸ்லிம்களுக்கு இந்தக் கட்டாயம் இருந்ததில்லை, கிறிஸ்தவர்களுக்கு 2002இலேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். இதெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது புரோபேட் என்ற வார்த்தையும், அதைக் கேட்டவுடன் வயிற்றில் வந்த கலக்கமும்தான்.

வீட்டு புரோக்கர்தான் அந்த ஆளை அழைத்து வந்தார். பட்டா, வாரிசு சான்றிதழ், வில்லங்கம், புரோபேட் எல்லாம் ஒரே இடத்தில் என்று போர்டு. அவர் வக்கீல் இல்லை. ‘நம்ம வக்கீல் ஹைகோர்ட்டில் இருக்கிறார் மேடம், நீங்கள் அலையவே வேண்டாம்’ என்றார். அலைய வேண்டாம் என்ற அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் விழுந்தேன். கோயம்புத்தூரில் வேலையை வைத்துக்கொண்டு பாரிமுனைக்கு எத்தனை தடவை ஓட முடியும்? மொத்தம் 1,85,000 ரூபாய், எல்லாம் சேர்த்து, 6 மாதத்தில் புரோபேட் கையில். வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார், அதில் இருந்த வக்கீலின் முகத்தை நான் கடைசி வரை பார்க்கவில்லை. முதலில் ஒரு லட்சம் ஜிபேயில் போட்டேன். அப்புறம் கோர்ட் ஃபீஸ், பேப்பர் விளம்பரம் என்று சொல்லி 60,000 ரூபாய் ரொக்கமாக வாங்கினார். ரசீது கேட்டதற்கு ‘கோர்ட்டில் கட்டுவதற்கு ரசீதெல்லாம் தர மாட்டார்கள் மேடம்’ என்றார். நானும் தலையாட்டினேன். கோர்ட் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட ஸ்டாம்போ ரசீதோ இல்லாமல் உள்ளே போகாது என்பது சின்னப் பையனுக்குக்கூடத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை.

அசல் உயிலையும் கொடுத்தேன். புரோபேட்டுக்கு அசலைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் வக்கீல் கையில், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுத்தது ஒரு துணிக்கடைக் கட்டைப்பையில் போட்டு, அவர் ஆபீஸ் பையனிடம்.

அடுத்த தப்பு எங்கள் பேராசை என்றே சொல்லலாம். 6 மாதம் என்று அவர் அடித்துச் சொன்னதை நம்பி, ஆகஸ்ட்டில் வாங்குபவரிடம் 10 லட்சம் அட்வான்ஸ் வாங்கி ஒப்பந்தம் போட்டோம். குறித்த நாளுக்குள் பேப்பர் சரியாகாவிட்டால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் ஒரு வரி. தங்கை அந்தப் பணத்தில் மடிப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணமும் கட்டிவிட்டாள்.

செப்டம்பரில் ஒரு பேப்பரை வாட்ஸப்பில் அனுப்பினார். ஒரு எஸ்.ஆர். நம்பர், கோர்ட் முத்திரை. ‘கேஸ் ஃபைல் ஆகிவிட்டது மேடம், வாழ்த்துகள்.’ நான் அதை அண்ணனுக்கு அனுப்பி, அண்ணன் அண்ணிக்குக் காட்டி, ஒரே சந்தோஷம்.

எஸ்.ஆர். நம்பர் என்றால் மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். பிறகு அங்கே பரிசோதித்துக் குறை இருந்தால் ரிட்டர்ன் போடுவார்கள், குறையைச் சரிசெய்து திரும்பக் கொடுத்தால்தான் ஓ.பி., அதாவது ஒரிஜினல் பெட்டிஷன் என்று நம்பர் விழும். அந்த நம்பர் விழுந்தால்தான் அது வழக்கு. விழுந்துவிட்டால் உயர் நீதிமன்ற இணையதளத்தில் நீங்களே தட்டிப் பார்க்கலாம், யாரையும் கெஞ்ச வேண்டாம்.

நான் பத்து மாதம் கெஞ்சினேன். ஜட்ஜ் மாறிவிட்டார், விளம்பரம் வந்தாயிற்று ஆட்சேபணைக் காலம் ஓடுகிறது, செக்ஷனில் ஆள் இல்லை, மே மாதம் கோர்ட் விடுமுறை. மே விடுமுறை மட்டும் உண்மை. அதனாலேயே மற்றதையும் நம்பினேன்.

இதற்கு நடுவில்தான் எதிர்வீட்டு மாமா. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அப்பாவின் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் ஒருவர். நான் சென்னை வரும்போதெல்லாம் ‘எப்பம்மா கோர்ட்டுக்கு வரணும்? வேட்டியில வரலாமா, பேண்ட்தான் போடணுமா?’ என்று கேட்பார். கூப்பிடுவார்கள் மாமா, சொல்கிறேன் என்பேன். எங்கள் ஆளிடம் கேட்டால், ‘சாட்சியெல்லாம் கடைசியில்தான் மேடம்.’ 2023 மார்ச்சில் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஜூலையில் தங்கையின் ஆபீஸ் தோழி மகன், அப்போதுதான் வக்கீலாகப் பதிவு செய்திருந்த பையன், அந்த வாட்ஸப் பேப்பரைப் பார்த்துவிட்டு ‘ஆன்ட்டி, இது எஸ்.ஆர். நம்பர்தானே, ஓ.பி. நம்பர் எங்கே?’ என்று கேட்டான். நேரில் போய் விசாரித்தும் வந்தான். மனு 2022 அக்டோபரிலேயே ரிட்டர்ன். அண்ணனுடைய சம்மதப் பிரமாணப் பத்திரம் இல்லை, சொத்து விவரத்தில் பழைய கதவு எண் மட்டும் இருக்கிறது, சாட்சியின் பிரமாணப் பத்திரம் இல்லை. மூன்றும் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. அதை வாங்கிப் பெட்டியில் போட்டவர்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. சாட்சியின் பத்திரம் என்றால் யாருடையது? மாமாவிடம் அக்டோபரில் ஒரு மத்தியானம் போயிருந்தால் கையெழுத்துப் போட்டுக் காபியும் கொடுத்து அனுப்பியிருப்பார்.

உயிலில் சாட்சி போட்டவர்களில் ஒருவராவது இருந்தால் அவரை வைத்துத்தான் அதை நிரூபிக்க வேண்டும். இரண்டு பேரும் இல்லையென்றால் கையெழுத்தை அடையாளம் சொல்லும் ஆட்களைத் தேடிக்கொண்டு அலைய வேண்டும். எங்களுக்கு மிச்சம் இருந்தவர் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், திருச்சியில், 78 வயது, இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில். அவர் வீட்டு அம்மாவிடம் போனில் பேசும்போது எனக்குக் குரலே வரவில்லை.

சரி, அசலைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதும் அந்த ஆள் முகம் மாறியது. பாக்கி 25,000 கொடுத்துவிட்டு வாங்கிப் போங்கள் என்றார். செய்யாத வேலைக்குப் பாக்கி! கட்சிக்காரரின் பத்திரங்களைக் கட்டணத்துக்காக வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது, பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். எங்கள் புது வக்கீல் அம்மா இதைச் சொல்லி, அந்த முகம் தெரியாத வக்கீலுக்கே நேராக நோட்டீஸ் அனுப்பினார். நான்காவது நாள் அதே ஆபீஸ் பையன் அதே கட்டைப்பையோடு வந்தான். பணத்தில் 40,000 திரும்பி வந்தது, மிச்சம் போனது போனதுதான். கேஸ் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: எங்களுக்குத் தெம்பில்லை.

நிதானமான அந்த வக்கீல் அம்மா முதல் நாளே அவரே திருச்சிக்கு ஆள் அனுப்பிச் சாட்சியின் பத்திரத்தை வாங்கினார். அண்ணன் டொரொண்டோ இந்தியத் துணைத் தூதரகத்தில் போய்ச் சான்றொப்பத்தோடு சம்மதம் கொடுத்தான். மனுவைப் புதிதாகவே போட்டோம், 2024 கடைசியில் புரோபேட் வந்தது. அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை: வாரிசுகள் மூன்று பேரும் ஒற்றுமையாக இருக்கும்போது, மூன்று பேருமே விற்பவர்களாகக் கையெழுத்துப் போட்டால் உயிலைத் தொடாமலேயே விற்க ஒத்துக்கொள்கிற வங்கிகள் உண்டாம். அண்ணனிடம் ஒரு பவர் வாங்கியிருந்தால் போதும். அந்த வழியைக் கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை, சொன்னால் அந்த ஆளுக்கு 1,85,000 எங்கிருந்து வரும்?

முதலில் வீட்டை வாங்க வந்தவர் நல்ல மனிதர். இரட்டிப்பாகக் கேட்காமல் 10 லட்சத்தையும் வங்கி வட்டியையும் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். தங்கை கட்டிய முன்பணம் திரும்பவில்லை. வீட்டை 2025இல் வேறொருவருக்கு விற்றோம்.

இத்தனை நாள் கழித்து ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், 2025 டிசம்பரில் அந்த 213ஆம் பிரிவையே நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. எங்களுக்கு வந்த ஒரே வருடத்தில்! அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. ஆனால் போன வாரம் திருவல்லிக்கேணியில் ஒரு சித்தப்பாவிடம் புரோபேட் கட்டாயம் என்று சொல்லி ஒருவர் 2 லட்சம் கேட்டிருக்கிறார். கட்டாயம் போய்விட்டது, வேண்டுமென்றால் வாங்கலாம். அதற்காக உயிலை நிரூபிக்கும் பொறுப்பு போய்விட்டது என்றும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாளைக்கு ஒருவர் மறுத்தால் சாட்சி வேண்டும்தான். அதனால் உயில் சாட்சிகள் வயதானவர்களாக இருந்தால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று இந்த வாரமே ஒரு போன் போடுங்கள். உயில் பதிவானது என்றால், எழுதியவர் காலமான பிறகு இறப்புச் சான்றிதழைக் காட்டிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அசல் எவன் கையிலாவது மாட்டினால் அது இருப்பதே தைரியம்.

அந்த ஆளின் நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை. நேற்று அவருடைய வாட்ஸப் ஸ்டேட்டஸ்: ‘இனி புரோபேட் தேவையில்லை! உங்கள் உயிலுக்கு 30 நாளில் சட்டப்பூர்வ அங்கீகாரம், நீங்கள் அலையவே வேண்டாம்.’ என்ன அங்கீகாரமோ.