சுத்திகரிப்பானைவிட அதிகம் உழைத்தது துகள்மானி

கொரோனா ஊரடங்கு தளர்ந்த நாட்களில் எங்கள் வேளச்சேரி வீட்டுக்கு ஒரு காற்றுச் சுத்திகரிப்பானும், உள்ளங்கை அளவில் ஒரு துகள்மானியும் வந்தன. அம்மாவுக்கு இளைப்பு உண்டு, அதற்காகத்தான் வாங்கினோம். அன்றிலிருந்து இரண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கேட்பவர்கள் எல்லோரும் சுத்திகரிப்பானைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுக் காற்று மாறியதில் பெரும் பங்கு மானிக்கு உரியது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மானி காட்டுவது பிஎம் 2.5. அதாவது, 2.5 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் குறைவுமான நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் இருக்கிறது என்ற கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வழிகாட்டுதலில் இதன் 24 மணி நேரச் சராசரிக்கு வைத்த அளவு 15. இந்தியா 2009இல் அறிவித்த அளவு 60. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு மானியோடு வீட்டைச் சுற்றி வந்தால், தெருவை மட்டும் குறை சொல்ல முடியாது என்று புரிந்துவிடும். சாதாரணமாக 30, 40 என்று நிற்கும் எண், மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்ததும் 200ஐத் தொட்டது. அப்பளம் பொரித்தால் அதற்கும் மேலே போனது. கண்ணுக்குப் புகை தெரியாமல் போன பிறகும் வெகுநேரம் எண் இறங்கவில்லை. அந்தக் காற்றைத்தான் கூடத்தில் உட்கார்ந்து சுவாசித்துக்கொண்டிருந்தோம்.

சமையலறைக்குச் செய்தது எளிய வேலை. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறோம். சமையல் முடிந்தும் கால் மணி நேரம் ஓட விடுகிறோம். எதிர்ப்பக்க ஜன்னல் ஒன்றைத் திறந்து வைக்கிறோம். உள்ளே வரக் காற்றுக்கு வழி இல்லையென்றால் ஃபேன் எதை வெளியே தள்ளும்? குழாய் வைத்துப் புகையை வெளியே விடாத சிம்னியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொண்டு, எரிவாயு அடுப்பிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடைப் பெரும்பாலும் சமையலறைக்கே திருப்பி அனுப்பிவிடும். சுத்திகரிப்பானை அடுப்புக்கு அருகில் வைப்பதும் வீண் செலவு. எண்ணெய்ப்புகை பட்டால் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது கொசுவத்தி. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் பிஎம் 2.5 துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. குழந்தைகள் தூங்கும் அறையில், கதவையும் சாத்திவிட்டு அதைக் கொளுத்துகிற வீடுகளை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. எங்கள் ஜன்னல்களுக்கு வலை அடித்தோம், கட்டிலுக்குக் கொசுவலை கட்டினோம். மொத்தச் செலவு சுத்திகரிப்பானின் விலையில் சிறு பகுதிதான். பலனோ அதற்கு ஈடானது.

சாம்பிராணி விஷயத்தில் அம்மாவிடம் பேச வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் அவருக்கு வாரம் முடியாது. நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மானியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். எண் 500ஐத் தாண்டுவதைப் பார்த்தவர், "பால்கனியில் போட்டுக்கொள்கிறேன், சாமி அலமாரிக்கு மட்டும் ஒரு சுற்றுக் காட்டிவிடுகிறேன்" என்றார். அப்படித்தான் இன்றும் நடக்கிறது. ஊதுபத்தியை அவராகவே விட்டுவிட்டார்.

இனி சுத்திகரிப்பான். இதில் பார்க்க வேண்டிய முதல் எண் சிஏடிஆர்: மணிக்கு எத்தனை கன மீட்டர் தூய காற்றைத் தருகிறது என்பது. 12க்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர். அந்தக் காற்று மணிக்கு ஐந்து முறையாவது ஃபில்டர் வழியே போய்வர வேண்டுமென்றால் 170 தேவை. ஆனால் பெட்டியில் அச்சிட்டிருப்பது உச்ச வேகத்துக்கான எண். அந்த இரைச்சலில் யாரும் தூங்க முடியாது. அதனால் தேவையைப்போல இரு மடங்கு திறனுள்ளதை வாங்கி நடு வேகத்தில் ஓட்டுகிறேன். இதுவரை குறை இல்லை.

சுத்திகரிப்பானுக்குள் துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரைச் சல்லடை என்று நினைப்பவர்கள் உண்டு. அது இழைகளின் காடு. பெரிய துகள் வளைந்து போக முடியாமல் இழையில் மோதுகிறது. மிகச் சிறியது அலைக்கழிந்து ஒட்டிக்கொள்கிறது. பிடிக்கக் கடினமானது நடுவில் உள்ள 0.3 மைக்ரான் அளவுதான். அதனால்தான் அந்த அளவில் வைத்துச் சோதிக்கிறார்கள். தண்ணீரில் கழுவினால் இந்த இழையமைப்பு கெட்டுவிடும். முன்னால் உள்ள வலையை மட்டும் அடிக்கடி கழுவுங்கள். ஒருமுறை இணையத்தில் பாதி விலைக்கு வந்த ஃபில்டரை வாங்கினேன். மடிப்புகள் குறைவு, ஓரத்தில் ரப்பர் பட்டையே இல்லை. எண் இறங்க வழக்கத்தைவிடப் பல மடங்கு நேரம் எடுத்தபோது போலி என்று தெரிந்தது. கருவியை வாங்கும் முன் அசல் ஃபில்டரின் விலையையும், அது நம் ஊரில் கிடைக்குமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கருவியின் முகப்பில் ஒளிரும் எண்ணை நான் நம்புவதில்லை. தான் விட்ட தூய காற்றைத் தானே அளந்து 5 என்று அது காட்டும்போது, கட்டிலின் மறுபக்கம் மானி 25 காட்டும். மானிக்கும் ஒரு குறை உண்டு. லேசர் ஒளி சிதறுவதை வைத்து அளப்பதால், மார்கழி விடியலின் பனிமூட்டத்தில் நீர்த்துளியையும் தூசியாக எண்ணிவிடும்.

சுத்திகரிப்பானால் முடியாத ஒன்று கரியமில வாயு. வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. ஏசி போட்டு மூடிய அறையில் மூன்று பேர் படுத்தால் விடிவதற்குள் 2000ஐத் தாண்டுகிறது. ஸ்பிளிட் ஏசி உள்காற்றையே சுழற்றுகிறது. இப்போது ஜன்னலை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வைக்கிறோம். அதன் வழியே வரும் தூசியைச் சுத்திகரிப்பான் பார்த்துக்கொள்கிறது. காலையில் தலைபாரம் இல்லாமல் எழுவது அதற்குப் பிறகுதான். பகலில் வீடு முழுவதையும் திறக்க நல்ல நேரம் கடற்காற்று வீசும் பிற்பகல். குளிர்கால விடியலில் தரையை ஒட்டியே தூசி தங்கிவிடுவதால் அப்போது திறப்பதில்லை.

செடிகளை அழகுக்காக வையுங்கள். சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகள், சில கணக்குகளில் 1000 செடிகள் வேண்டும் என்று 2019இல் வந்த ஒரு மீளாய்வு சொல்கிறது. சுத்திகரிப்பானில் துகள்களுக்கு மின்னூட்டம் தரும் அயனி பொத்தானை அணைத்தே வைத்திருக்கிறேன். சில அயனிக் கருவிகள் வெளியிடும் ஓசோன் நுரையீரலை உறுத்தும். இளைப்பு உள்ள வீட்டில் அது வேண்டாம்.

சுத்திகரிப்பான் முழு வேகத்தில் ஓடுவது தீபாவளி இரவிலும் போகி விடியலிலும்தான். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்களே தடுமாறின. அந்த இரு நாட்களிலும் ஓர் அறையை மட்டும் மூடி, கதவிடுக்கில் துணியைச் செருகி, அம்மாவை அங்கே இருக்கச் செய்கிறோம். வெளியே மானி 400 காட்டும்போதும் உள்ளே 40க்குக் கீழ் நிறுத்த முடிகிறது. புது ஃபில்டரையும் இந்தக் கணக்கில்தான் மாற்றுகிறேன்: ஐப்பசி பிறந்ததும், தீபாவளிக்கு முன்பே.