ட்ராக் வார இறுதிக்கு அப்பாச்சி ஆர்ஆர் 310 சரிப்படுமா?

சனி, ஞாயிறு ட்ராக்கில் ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை அதே வண்டியில் ஆபீஸ் போகவேண்டும் என்பவர்களுக்கு டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்ஆர் 310 நல்ல தேர்வு. ஆனால் ஷோரூமிலிருந்து எடுத்த கையோடு சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் இறக்கினால், இரண்டாவது செஷனிலேயே, அதாவது இரண்டாம் முறை ஓட்ட இறங்கும்போதே, குறைகள் வெளியே வந்துவிடும். எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. பிரேக் ஆயில், டயர், ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) ஆகிய மூன்றும்தான் முதலில் கையை விரிக்கும். இவற்றைக் கவனிக்காமல் எக்ஸாஸ்டுக்குப் பணத்தைக் கொட்டுவதில் சத்தம்தான் கூடும்.

312.2 சி.சி. ஒற்றை சிலிண்டர். பழைய பி.எஸ். 6 வண்டி 9,700 ஆர்.பி.எம்.மில் 34 குதிரைத்திறன் தரும். 2024 மாடலில் அது 38 ஆனது. பழையதில் ரெயின், அர்பன் மோடுகளில் திறன் 25.8க்கு இறங்கிவிடும். அதனால் ட்ராக்குக்குள் நுழையும் பாதையான பிட் லேனிலேயே மோடு 'ட்ராக்'கில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பிவிட்டு மறந்துபோய், "வண்டி இழுக்கவே இல்லை" என்று மெக்கானிக்கைத் தேடுகிறவர்கள் உண்டு. 43 குதிரைத்திறன் தரும் கே.டி.எம். ஆர்.சி. 390 நேர்க்கோட்டில் கண்டிப்பாக முந்தும். ஆனால் 3.717 கி.மீ. நீளமும் 12 வளைவுகளும் உள்ள இந்த ட்ராக்கில் புதியவரின் லேப் டைம் இறங்குவது பெரும்பாலும் வளைவுகளில்தான். அங்கே ஆர்ஆர் பதற்றமில்லாமல் திரும்பும். த்ராட்டிலைச் சற்று முன்னதாகத் திறந்தாலும் மன்னித்துவிடும்.

2021ல் பி.டி.ஓ. (பில்ட் டு ஆர்டர், அதாவது கேட்டபடி செய்துதரும்) திட்டம் வந்தபோது சஸ்பென்ஷனுக்கான டைனமிக் கிட் 12,000 ரூபாய், உட்காரும் நிலையை மாற்றும் ரேஸ் கிட் 5,000 ரூபாய். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ரேஸ் கிட்டை வாங்குங்கள். ஃபுட்பெக் உயர்வதால் வண்டியைக் கூடுதலாக 4.5 டிகிரி சாய்க்கலாம் என்பது கம்பெனி கணக்கு. நடைமுறையில், வலது வளைவின் நடுவில் பெக் தரையில் உரசி பின்சக்கரத்தைத் தூக்கிவிடுமோ என்ற பயம் போகும். ஹேண்டில்பாரும் இறங்குவதால் முன்சக்கரத்தின் மேல் எடை கூடும். வார நாட்களில் மணிக்கட்டு வலிக்கும், அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

டைனமிக் கிட்டில் ஃபோர்க்குக்கு (முன் சஸ்பென்ஷன்) ப்ரீலோடு (ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் அளவு), கம்ப்ரெஷன் (அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), ரீபவுண்டு (மீண்டும் நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) மூன்றையும் மாற்றலாம். பின் ஷாக்கில் ப்ரீலோடும் ரீபவுண்டும். இது கையில் இருந்தும் ஒரு கிளிக்கைக்கூடத் தொடாமல் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். அப்படியானால் அந்தப் பணம் வீண். அரை மணி நேர வேலைதான், ஆனால் கூட இரண்டு பேர் வேண்டும். முதலில் முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி, ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும்போது வெளியே தெரியும் குழாயின் நீளத்தை அளக்கவேண்டும். பிறகு சூட், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு ஏறி ஓட்டும் நிலையில் உட்கார, ஒருவர் வண்டியை நேராகப் பிடிக்க, இன்னொருவர் அதே இடத்தில் மறுபடி அளக்கவேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக், அதாவது உங்கள் எடைக்கு வண்டி அமுங்கும் அளவு. முன்னால் 30 முதல் 35 மி.மீ., பின்னால் 30 மி.மீ. சுற்றி வருமாறு ப்ரீலோடை வைத்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

டேம்பிங்குக்கு, அதாவது கம்ப்ரெஷனுக்கும் ரீபவுண்டுக்கும், அதற்கான திருகை வலப்பக்கமாக மெதுவாக முழுதும் மூடிவிட்டு, அங்கிருந்து எத்தனை கிளிக் வெளியே என்று எண்ணி எழுதிவையுங்கள். மூடும்போது பலத்தைக் காட்டினால் உள்ளே ஊசி முனை கெட்டுவிடும். ஒரு செஷனுக்கு ஒரே மாற்றம், அதுவும் இரண்டு கிளிக்குக்கு மேல் வேண்டாம். வளைவைவிட்டு வெளியேறும்போது பின்பக்கம் உட்கார்ந்துகொண்டே போய், வண்டி கோட்டைவிட்டு வெளியே அகன்றால், பின் ரீபவுண்டு அதிகமாக இறுகியிருக்க வாய்ப்பு. ஷாக் நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. பிரேக்கை விட்டதும் முன்பக்கம் துள்ளி எழுந்தால், முன் ரீபவுண்டு போதவில்லை. ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை கட்டிவிடுங்கள். செஷன் முடிந்ததும் அது அடிமட்டத்திலிருந்து 10 மி.மீ. மேலே நின்றிருந்தால் சரியாக இருக்கிறது. அடிவரை போயிருந்தால் கம்ப்ரெஷனைக் கூட்டவேண்டும். ஒரு விஷயம்: கிளிக்குகள் ஸ்ப்ரிங்கின் பலத்தை மாற்றாது. நல்ல எடையுள்ளவர்கள் ப்ரீலோடை முழுதும் ஏற்றியும் சேக் அதிகமாக வந்தால், வேறு ஸ்ப்ரிங்தான் வழி.

முன்னால் 300 மி.மீ. டிஸ்க் ஒன்றுதான், அதில் பேடுகளை டிஸ்க்கில் அழுத்த, பைப்ரே கம்பெனியின் நான்கு பிஸ்டன் காலிப்பர். 174 கிலோ வண்டிக்கு நகரில் தாராளம். ட்ராக்கில் நீண்ட நேர்க்கோட்டின் முடிவில் திரும்பத் திரும்பப் பிடிக்கும்போது சூடு அந்த ஒரே டிஸ்க்கில் ஏறும். லீவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கைப்பிடியை நெருங்கி வந்தால் ஆயில் கொதிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். லீவர் கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் கைவிட்டுவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை தாங்கும். ஈரம் குடித்தபின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். சென்னைக் காற்றின் ஈரப்பதத்துக்கு ஓர் ஆண்டுப் பழைய ஆயிலை நம்பவே வேண்டாம். ட்ராக்குக்கு முந்தைய வாரம் புதிய டாட் 4 அல்லது 5.1 ஊற்றிக் காற்றெடுத்துவிடுங்கள். வெறும் டாட் 5 என்று எழுதியிருப்பது சிலிக்கான். அதை இதில் ஊற்றக்கூடாது. பேடைப் பொறுத்தவரை சின்டர்டு (உலோகத்தூளை இறுக்கிச் செய்த) வகை போதும். முழு ரேஸ் பேட் குளிர்ந்த நிலையில் பிடிக்காது, திங்கட்கிழமை காலை சிக்னலில் அது தெரியும்.

2020 முதல் வரும் மிஷ்லின் ரோடு 5 மழையிலும் நெடுஞ்சாலையிலும் அருமையான டயர். ட்ராக்கில் முதல் ஐந்தாறு லேப் நன்றாகப் பிடிக்கும், பிறகு வழவழப்பு தொடங்கும். ட்ராக் கடிகாரச் சுற்றில் போவதால் வலது தோள்தான் முதலில் கிழியும். டயரை முன்கூட்டியே சூடாக்கும் டயர் வார்மர் இதற்குத் தேவையே இல்லை. காற்றழுத்தத்தைச் செஷன் முடிந்து பிட்டுக்குள் வந்த உடனே அளங்கள். சூட்டில் முன்னால் 32, பின்னால் 30 பி.எஸ்.ஐ. அளவில் நின்றால் நல்லது. காலையில் சரியாக வைத்த காற்று மதியம் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடியிருக்கும். ஒரு சக்கரம் வெயிலிலும் ஒன்று நிழலிலுமாக வண்டியை நிறுத்தினால் கணக்கே தப்பும். ட்ராக் நாட்கள் கூடக்கூட, பைரெல்லி டியாப்லோ ரோஸோ 3 போன்ற ஸ்போர்ட் டயருக்கு மாறுங்கள். முன்னால் 110/70, பின்னால் 150/60 என்ற அதே அளவில் இருக்கிறது.

ட்ராக்கில் நடக்கும் வண்டிச் சோதனைக்கு நிற்கும் முன் கண்ணாடிகள், இண்டிகேட்டர், நம்பர் பிளேட், சேலை கார்டு எல்லாம் கழலவேண்டும். ஹெட்லைட்டில் டேப் ஒட்டவேண்டும். சைடு ஸ்டாண்டைக் கழற்றினால் அதன் சுவிட்சையும் கவனியுங்கள், இல்லாவிட்டால் கியர் போட்டதும் எஞ்சின் அணைந்துவிடும். ஆயில் டிரெயின் போல்ட்டுக்கும் ஃபில்லர் மூடிக்கும் துளையிட்டு, அவை கழன்றுவிடாமல் லாக் வயர் (மெல்லிய கம்பி) கட்டவேண்டும். வயரின் இழுப்பு போல்ட்டை இறுக்கும் திசையில் இருக்கவேண்டும். கூலன்ட் தரையில் கொட்டினால் வழுக்கும், சீக்கிரம் காயாது. அதனால் ரேஸ் என்றால் வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார்கள். வீடு திரும்பியதும் மறக்காமல் கூலன்டை மறுபடி ஊற்றுங்கள், வெறும் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும். ஒற்றை சிலிண்டர் அதிர்வில் ஃபேரிங் திருகுகள் தளரும். திருகைத் தளரவிடாமல் ஒட்டிப்பிடிக்கும் நீல நிற த்ரெட் லாக்கர் ஒரு சொட்டு போதும்.

டாடா ஏஸில் ஏற்றும்போது பட்டையை ஹேண்டில்பாரில் கட்டாமல், ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கீழ் ட்ரிபிள் கிளாம்பில் கட்டுங்கள். 20 நிமிட செஷனுக்கு இரண்டரை லிட்டர் பெட்ரோல் என்று கணக்கு வைத்தால், 11 லிட்டர் டேங்க் மதியத்துக்குள் காலியாகிவிடும். கூடவே எடுத்துப்போக வேண்டியவை: இரண்டு லீவர்கள், கியர் லீவர், வலது ஃபுட்பெக்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஒன்றைப் பாருங்கள். டிரெயின் போல்ட்டின் தலையில் சிறு துளை இருந்தால் அது ட்ராக்கில் ஓடிய வண்டி. அதற்காக வேண்டாம் என்று ஒதுக்கவேண்டியதில்லை. பல நேரம் தெருவில் ஓடியதைவிட அடிக்கடி ஆயில் மாற்றியிருப்பார்கள். ஆனால் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, அதற்குமேல் திரும்பவிடாமல் தடுக்கும் ஸ்டீரிங் ஸ்டாப்பர் நசுங்கியிருக்கிறதா, அதன் அருகே பெயின்ட் விரிசல் விட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நசுங்கியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.